பத்தடி வட்டத்தில் பேரம்

மணலுக்குள் புதைந்துபோன குலசாமி கோயில் மணிக்கு லிங்கதுரை போட்ட விலை, கிலோ அறுநூறு ரூபாய். பழைய வெண்கலத்தின் அன்றைய மார்க்கெட் நிலவரம்!

"சாமி மணியவா எடைக்குப் போடுவ?" என்று சீறினாள் பொன்மாரி.

"போடுவனா? விசாரிச்சேன், அவ்வளவுதான். விலை தெரியாம ஒரு சாமானத் தேடிப் போனா நான் யாபாரி மவனா?"

லிங்கதுரை மளிகைக்கடை வாரிசு. பொன்மாரி அவன் சித்தப்பா மகள், இரண்டு மாதம் மூத்தவள். சாதாரண நேரத்தில் அவளை 'ஏட்டி' என்பான். பயம் வந்தால் மட்டும் 'அக்கா'. மூன்றாவது ஆள் நண்பன் ஜெபசிங். திருச்செந்தூருக்குத் தெற்கே செம்மணல் மேடு மேடாகக் கிடக்கும் தேரிக்காட்டில், என்றோ மூடிப்போன மணியை ஆடிக்காற்று வெளியே தள்ளியிருக்கிறதாம். ஊரில் பேச்சு அடிபட்டதுமே மூவரும் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள்.

உச்சி வெயில் ஏறியும் மணி கிடைக்கவில்லை. ஜெபசிங்கையும் காணவில்லை!

"அந்த மேட்டுக்கு அங்கிட்டுப் பாத்துட்டு வாரேன்" என்று போனவன்தான். தேரியில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் அடையாளமே கிடையாது. காலடித் தடத்தையோ காற்று உடனுக்குடன் துடைத்துவிடும். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்கள். செல்லில் டவர் இல்லை. தண்ணீர்க் கேன் இரண்டும் இவர்களிடம்; அவன் கையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"பொக போடணும். பாத்துட்டு வந்துருவான்" என்றாள் பொன்மாரி. கல்லூரி மலையேற்ற முகாமில் நெருப்பு மூட்டப் படித்து வந்தவள்.

"தீக்குச்சி உரச காலேஜா? தள்ளு, இந்தப் பனை மூட்டுல போடுவோம். நெழலாவும் இருக்கு."

"தலைக்கு மேல பாருலே! காஞ்ச ஓலை தொங்குது. பிடிச்சா பனையோட நிக்காது, பக்கத்துல எங்கப்பா முந்திரித் தோப்பும் சேந்து போவும். காத்து படாத பள்ளத்துக்கு வா. குழி தோண்டு. சுத்திப் பத்தடிக்கு ஒரு சருகு கெடக்கக் கூடாது. ஒரு கேன் தண்ணி நெருப்புக்குன்னு பக்கத்துல இருக்கணும்."

"குடிக்கவே தண்ணி இல்ல, நெருப்புக்கு ஒரு கேனா? அரைக் கேன்."

"முழுக் கேன்."

"சரி, அத விடு. பத்தடி அதிகம். அஞ்சடி."

"ஏலே!"

"ஆறடி. இதுக்கு மேல எனக்குக் கட்டாது."

"நெருப்புகிட்டயா பேரம் பேசுத? பத்தடி!" என்று சொல்லிவிட்டு, புகைக்குப் பச்சைத் தழை ஒடிக்கப் போனாள். அவள் முதுகைத் திருப்பியதும் லிங்கதுரை ஆறடியோடு நிறுத்திக்கொண்டான். பாக்கி நாலடி, அவன் கணக்கில் தள்ளுபடி.

அவள் தழையோடு திரும்பி வருமுன்பே நெருப்பை மூட்டிவிட்டான். சுள்ளி ஒன்று படாரென்று வெடித்தது. பொறி எழும்பிப் பறந்து, நிதானமாக இடம் பார்த்து, எட்டாவது அடியில் போய் உட்கார்ந்தது. சருகு குப்பென்று பற்றியது!

"அக்காஆ!"

பொன்மாரி பாய்ந்து வந்து தழையால் அடித்தாள். லிங்கதுரை இரண்டு கையாலும் மணலை வாரி இறைத்தான். தீ தோப்பு வேலியைப் பார்த்து ஊர்ந்தது. அரைக் கேனுக்குப் பேசியவன் முழுக் கேனையும் கவிழ்த்தபிறகுதான் அது அடங்கியது. அவன் புருவத்தில் பாதியைக் காணவில்லை.

அப்புறம் பேரமே இல்லை. பத்தடி கேட்டவளுக்குப் பதினைந்தடி பெருக்கிக் கொடுத்தான்.

பச்சைத் தழை போட்டதும் வெள்ளைப் புகை தூண்போல எழுந்தது. காத்திருந்து காத்திருந்து கண் பூத்த நேரத்தில், மேட்டு உச்சியில் ஒரு தலை தெரிந்தது. ஜெபசிங்! நொண்டிக்கொண்டே சறுக்கி விழுந்து வந்தவன் முக்கால் கேன் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"கால்ல என்னலே?"

"மண்ணுக்குள்ள ஏதோ வளையம் துருத்திக்கிட்டு நின்னுது. இடிச்சு நகம் பேந்துட்டு. 'ணங்'குன்னு சத்தம் வேற!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மணி!

ஜெபசிங்கின் தடம் மேட்டில் இன்னும் தெரிந்தது. ஆனால் காற்று ஒரு பக்கமிருந்து அதை அழித்துக்கொண்டே வந்தது. லிங்கதுரை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாதி மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தான். குழியில் கங்கு கண் சிமிட்டியது.

"மண்ண அள்ளிப் போட்டு மூடிட்டு வாக்கா, ஓடிருவோம்!"

"மண்ணுக்கடியில கங்கு சாவாதுலே. மணிய வெளிய தள்ளுன காத்து, கங்கத் தள்ளாதா?"

அவன் தடத்தைப் பார்த்தான். தோப்பைப் பார்த்தான். மண்வெட்டியோடு இறங்கி வந்தான். மிச்சத் தண்ணீரை ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்தான். சூடு. ஈர மண்ணை வெட்டிப் போட்டுக் கிளறினான். சாம்பல் பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்த பிறகுதான் நிமிர்ந்தான். மேடு இஸ்திரி போட்ட வேட்டிபோல மடிப்பில்லாமல் கிடந்தது.

பொழுது சாய, நாக்கு வறண்டு, ஜெபசிங்கைத் தோளில் தாங்கிக் கடைத்தெருவுக்கு வந்தபோது ஊரே கூடிவிட்டது. மூவரையும் மாறி மாறிக் கட்டிப் பிடித்தார்கள். கல்லாவிலிருந்து அப்பா மட்டும் எட்டிப் பார்த்தார்.

"பொதையல் எங்கலே? என்ன போச்சு, என்ன வந்துச்சு?"

லிங்கதுரை அரைப் புருவத்தைத் தடவிக்கொண்டான்.

"போனது தண்ணி ரெண்டு கேன், நகம் ஒண்ணு, புருவம் அரை. வந்தது ஜெபசிங், நகம் நீங்கலா முழுசா. சித்தப்பா தோப்பு, இருப்பு அப்படியே. மணி, தேரி பேருல பாக்கிப்பா."