இரும்புக் கள்ளன்

"எனக்க இரும்ப களவெடுத்தது நீங்களாக்கும்?"

மழையில் பாதி நனைந்து, மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு கேம் திரையை எட்டிப் பார்த்த மஞ்சு கேட்டுவிட்டாள். நெய்யாற்றின்கரை கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த ஆறு தலைகளும் திரும்பின. ஏழாவது தலை மெதுவாக நிமிர்ந்தது... அடடா, என்ன கண்கள் அவை! சண்டைக்கு நின்றவளுக்கு அடுத்த வார்த்தை மறந்தே போயிற்று.

அவன் பாலராமபுரத்து அனூஜ். சென்டரில் கிரகம் பிடிக்கும் கேம் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. மூன்றிலிருந்து நான்கு வரை அவன், நான்கிலிருந்து ஐந்து வரை பாறசாலை மஞ்சு. இருவருக்கும் ஒரே கணக்கு, ஒரே ஆகாயம், ஆளுக்குச் சில கிரகங்கள். புதிதாகப் பிடித்த குட்டிக் கிரகத்துக்குச் செம்பருத்தி என்று பெயர் வைத்து, தினமும் கப்பலில் இரும்பு அனுப்புவாள் மஞ்சு. இன்றோ கப்பல் போய்ச் சேர்ந்தது என்கிறது திரை. செம்பருத்தியில் ஒரு துண்டு இரும்பு இல்லை. பின்னே வேறு யார் எடுத்திருப்பார்கள்?

அவன் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதுதான் அவளுக்கு எரிச்சல். திருப்பி நாலு வார்த்தை சொன்னால் என்னவாம்?

சென்டர் நடத்தும் சுகிர்தபாய் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினார். கப்பல் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாதாம். அந்தக் கிரகத்தைத் திறந்து, சரக்கை ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அமுக்க வேண்டுமாம். அன்றைய சுற்று முடியும் நான்கு மணிக்குள் அமுக்காவிட்டால் கப்பல் சரக்கோடு வந்த வழியே திரும்பிவிடுமாம். நல்ல கூத்து! அப்படியானால் மூன்று வாரமாகச் செம்பருத்தி எப்படிப் பிழைத்தது?

டீச்சர் சிரித்தார். "அனூஜாக்கும் தினமும் உனக்கும் சேர்த்து அமுக்கினது. இன்னைக்கு பஸ் லேட்டு. அவன் இப்பம்தான் வந்து இருந்தான்... அதுக்குள்ள நீ கள்ளன்னு சொல்லிட்டே."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு... மஞ்சுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளே அவன் காலை நேரத்துக்கு மாறிக்கொண்டான். தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானே? ம்ஹும்... ஆறு பேர் முன்னால் கத்திய வாய், அதற்கு மட்டும் திறக்க மறுத்தது. ஆனால் அவள் நான்கு மணிக்கு வந்து பார்த்தால், செம்பருத்தியில் இரும்பு இறங்கியிருக்கும். தினமும்... கோபித்துக்கொண்டு போனவன் செய்கிற வேலையா இது? பார்க்கப் பார்க்க அவள் மனசு இளகிப்போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா பூதலிங்கம் செய்தியோடு வந்தார். அம்பூரியில் ரப்பர் தோட்டம் உள்ள குடும்பம்; ஞாயிறு பத்து மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா உமையம்மாள் அவளைத் தனியே கூப்பிட்டு, வேண்டாமென்றால் நாளைக்குள் சொல்லிவிடு, வந்தபிறகு சொன்னால் அவமானம் என்றாள். சொல்லலாம்தான்... அவன் மனசு தெரியாமல் என்னவென்று சொல்வது?

சனிக்கிழமை காலையிலேயே சென்டர் படிக்கட்டில் வந்து நின்றாள். சடசடவென்று மழை. அனூஜ் குடையை மடக்கிக்கொண்டே ஏறி வந்தான்.

"கள்ளன்னு சொன்னது தப்பு..." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இரும்ப நான் எடுக்கல்ல. வேற வல்லதும் களவு போயிட்டுண்டா?"

பாவி, சிரிக்கிறான்! அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் கலைந்துபோய், அம்பூரிச் சேதி முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். வரச் சொல்லட்டுமா, வேண்டாமா என்றும் கேட்டுவிட்டாள். அவன் சிரிப்பு அணைந்தது. மடக்கிய குடையை இன்னும் இறுக்கிச் சுற்றினான்.

"அது... உனக்க இஷ்டம்."

"எனக்க இஷ்டமா?" அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்கு உங்களையாக்கும் இஷ்டம்."

தமிழில் கேட்டால் விருப்பம், மலையாளத்தில் கேட்டால் காதல். எல்லையோரப் பாறசாலைக்காரி இரண்டையும் சேர்த்தேதான் சொன்னாள். அவன் கையிலிருந்த குடை நழுவிப் படிகளில் உருண்டு போயிற்று. எடுக்க வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை.

"அம்பூரிக்காரங்க எத்தன மணிக்கு வாறாங்கன்னு சொன்னே?"

"பத்துக்கு..."

"அப்பம் உனக்க அம்மைகிட்ட சொல்லிரு. நானும் எனக்க அம்மையும் ஒன்பதுக்கு வாறோம்."