சுவருக்கு அந்தப் பக்கம்

அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அந்த எஞ்சின் சூடாக இருந்தது.

கையைச் சுடும் சூடு இல்லை. யாரோ நெடுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் கொடுத்ததுபோல ஓர் இளஞ்சூடு. மால்கம் ஹெஸ்லப் அதைத் திருப்பிப் பார்த்தார். பச்சை வண்ணம் பூசிய சின்ன நீராவி எஞ்சின், நடுவிரல் நீளம். ஓடி முடித்த மோட்டார்தான் இப்படிச் சுடும். இதுவோ மின்சாரமே எட்டாத மூலை மேஜையில், பழைய ரயில் பத்திரிகைகளுக்கு அடியில் மூடி கிழிந்த பெட்டியில் கிடந்தது.

"வந்துட்டாருய்யா நாலு மணிக்காரரு," என்றான் கடைக்காரன் லெஸ், பக்கத்து மேஜைக்காரனிடம். "கடையைக் கட்டுற நேரம் பாத்து கழுகு மாதிரி எறங்குவாரு. என்ன சார், இன்னிக்கு எவ்வளவு கொறைக்கணும்?"

மால்கம் சிரித்து வைத்தார். பத்து வருடங்களாக யார்க்‌ஷர் முழுக்க நடக்கும் மாதிரி ரயில் கண்காட்சிகளில் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள்; லெஸ்ஸுக்கு அவர் பெயர் தெரியாது. காலையில் வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், மூன்றரைக்கு மேல் வருகிறவர்களுக்குத்தான் மலிவாகக் கிடைக்கும் என்பது மால்கம் கண்ட உண்மை. அதனால் சனிக்கிழமைதோறும் ஹல் நகரத்தில் மதியச் சாப்பாட்டை முடித்து, பஸ் ஏறி, கடைசி ஒரு மணி நேரத்துக்குச் சரியாக வந்து சேருவார். வாங்கியதெல்லாம் வீட்டின் சின்ன அறையில் கூரைவரை அடுக்கியிருந்தன. இருநூறுக்கு மேற்பட்ட எஞ்சின்கள். ஒன்றுகூட ஓடியதில்லை. தண்டவாளம் போட்டு ஓட்டினால் பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். ஒருமுறை செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மாதிரி ரயில் கிளப் ஒன்றில் சேர்ந்து மூன்று வாரம் போனார். மூன்று வாரமும் அவர் கோட்டைக் கழற்றாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான்காவது வாரம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

"பத்து பவுண்டு," என்றான் லெஸ். "அறுபதுக்குப் போற சாமான். என்னுதில்ல அது, பின்னாடி ரூம்ல வண்டி ஓட்டுற பெரியவர் குடுத்து விக்கச் சொன்னாரு. நம்பிக்கை இல்லன்னா அங்க கொண்டுபோயி ஓட்டிப் பாருங்க."

அப்படியானால் அங்கே ஓடிய சூடுதான். மால்கமுக்கு மனம் சமாதானமாயிற்று. பத்து பவுண்டைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தார்.

கண்காட்சி நடந்த, ஓல்தன்சீ என்ற கடற்கரை ஊரின் அந்தப் பழைய தேவாலயக் கூடத்துக்குப் பின்னால் இப்படி ஓர் அறை இருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. கதவைத் தள்ளியதும் கூடத்தின் இரைச்சலும் பன்றிக்கறி சாண்ட்விச் வாசனையும் சட்டென்று அறுபட்டு, ஈரக் கல்லின் வாசமும் அதற்கடியில் உப்பும், சின்னச் சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளைத் தாண்டும் டிக்-டிக் ஒலியும் மட்டும் மிஞ்சின. நீண்ட மேஜையில் ஒரு கடற்கரை ஊரின் ரயில் நிலையம். பிளாட்பாரத்தில் அரிசி உயரத்துக்கு மனிதர்கள், கையில் பெட்டியோடு காத்திருந்தார்கள். தண்டவாளம் நிலையத்தை விட்டு வளைந்து போய், மேஜையின் கோடியில், அறையின் கற்சுவருக்குள்ளேயே நுழைந்தது. வண்டி போய்வரும் அளவுக்கு ஒரு துவாரம். சிகரெட் பாக்கெட் அகலம்தான் இருக்கும்.

வண்டிகளை நிறுத்தி மாற்றும் இடம் அடுத்த அறையில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். கண்கள் உள்ளே போயிருந்தன. மால்கமின் கையிலிருந்த எஞ்சினைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது.

"வாங்கிட்டீங்களா. நல்லது. பேரென்ன உங்களுக்கு?"

"மால்கம்."

"மால்கம்." பெரியவர் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "தனியாவா வந்தீங்க?"

"எப்பவும் தனியாத்தான்."

"மால்கம், எனக்கு ஒரு ஒதவி பண்ணுவீங்களா? காலையிலேர்ந்து ஒரு வாய் டீ குடிக்கல. அஞ்சே நிமிஷம். உள்ள வந்து பாத்துக்கறீங்களா?"

பத்து வருடங்களில் அவரை எவரும் பார்வையாளர் தடுப்பைத் தாண்டி உள்ளே கூப்பிட்டதில்லை. காது மடல் சூடேற, "எனக்கு ஓட்டிப் பழக்கமில்லையே," என்றார். அதைச் சொல்லும்போதே கால்கள் உள்ளே போய்விட்டன.

"ஒண்ணும் பெரிய வித்தையில்ல." கட்டுப்பாட்டுக் குமிழைக் காட்டிவிட்டு, பெரியவர் மேஜையோரத்தில் இருந்த பித்தளைப் பொத்தானைத் தொட்டார். அதற்கு மேலே கிண்ணம்போல ஒரு மணி. "இதுல பேசிக்கலாம். ஒரு தட்டு தட்டினா 'இருக்கியா'ன்னு கேக்கறது. அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு வந்தா 'இருக்கேன்'னு பதில். ரெண்டு தட்டினா வண்டி கெளம்பிடுச்சுன்னு."

"அந்தப் பக்கம் யாரு ஓட்டறாங்க?"

"ரொம்பப் பொறுமையானவங்க," என்றார் பெரியவர்.

டீ குடிக்கப் போகிறவர் கோட்டை மாட்டிக்கொண்டார். பிளாஸ்க்கை எடுத்தார். பையையும் எடுத்தார். கதவு மூடிக்கொண்டது.

மால்கம் தன் பச்சை எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, நான்கு காலி நிலக்கரி வண்டிகளை அதன் பின்னால் கோத்தார். பித்தளைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினார்.

சுவருக்கு அப்பாலிருந்து, உடனே, டிங்.

இருக்கேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு தட்டித் தகவல் கொடுத்துவிட்டுக் குமிழைத் திருப்ப, எஞ்சின் மெல்ல முனகி நகர்ந்து, பிளாட்பாரத்து மனிதர்களைக் கடந்து, துவாரத்துக்குள் போய் மறைந்தது. சக்கர ஒலி தேய்ந்து தேய்ந்து, அடுத்த அறை இவ்வளவு பெரிதா என்று தோன்றுமளவு தூரம் போய் அடங்கியது. சற்று நேரம் கழித்து அங்கிருந்து இரண்டு மணி. எஞ்சின் திரும்பி வந்தது. ஒரு பிசகில்லை, ஓர் இழுப்பில்லை. அந்தப் பக்கத்து ஆள் கைதேர்ந்தவர்.

இருக்கியா, என்று தட்டினார். இருக்கேன், என்று வந்தது. தேவையில்லாமல் இன்னொரு முறை தட்டினார். அதற்கும் பதில் வந்தது, சலிப்பில்லாமல். ஐந்து நிமிடம் பதினைந்தாயிற்று. மால்கமுக்கு அது உறைக்கவில்லை. யாரோடும் இவ்வளவு நேரம் அவர் பேசி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

மூன்றாம் முறை வண்டி திரும்பியபோதுதான் எஞ்சினின் கூரையில் ஈரத்தைக் கண்டார். எஞ்சின் முழுக்க நுண்ணிய நீர்த்துளிகள், வேர்த்ததுபோல. நான்காம் முறை சக்கரங்களில் செம்பழுப்புக் களிமண். விரலால் தேய்த்துப் பார்த்தார். இந்தக் கரையின் மண்தான், பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது செருப்பில் அப்பிக்கொள்கிற அதே மண். அடுத்த அறை ஒழுகுகிறதோ என்னவோ. ஐந்தாம் முறை எஞ்சின் திணறித் திணறி வந்தது, பளுவை இழுப்பதுபோல. காலியாகப் போன முதல் வண்டியில் ஒரு கோட்டுப் பொத்தான் கிடந்தது, பிய்ந்த நூலோடு. இரண்டாவதில் களிமண். மூன்றாவதில் ஒரு பல்.

மனிதப் பல். வேர் நீளமாக, பழுப்பாக.

அவர் அதைத் தொடவில்லை.

கதவு திறந்தது. கூடத்தில் டீ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், தலையில் துணியும் கையில் துடைப்பமுமாக எட்டிப் பார்த்தாள். "அடக் கடவுளே, இன்னும் ஆளிருக்கா. எல்லாரும் கட்டிட்டுப் போயிட்டாங்க கண்ணு. மணி அஞ்சாகப் போகுது."

"அந்தப் பெரியவர் டீ குடிக்க வந்தாரே..."

"டீயா? அவரு நேரா காரை எடுத்துட்டுப் போயிட்டாரு. அந்த வயசுல அப்படி ஒரு ஓட்டம் நான் பாத்ததே இல்ல. கோட்டுப் பொத்தான்கூடப் போடல."

"அப்ப அடுத்த ரூம்ல இருக்கறவங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"எந்த ரூம்?"

அவர் சுவரைக் காட்டினார்.

அவள் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல கண்ணு. முன்ன கல்லறைத் தோட்டம் இருந்துச்சு. மார்ச் மாசப் புயல்ல கரை இடிஞ்சு பூராவும் கடலுக்குள்ள போயிடுச்சு. இப்ப சுவத்தை ஒட்டியே பள்ளம். அதனாலதான் இந்த ரூமை யாரும் தொறக்கறதில்ல. இன்னிக்கு யாரு தொறந்தாங்கன்னே தெரியல." அவள் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். "சீக்கிரம் கெளம்புங்க. நான் முன்கதவைச் சாத்திட்டுப் போறேன். பக்கத்துக் கதவு உள்ளேர்ந்து தொறக்கும், இழுத்து விட்டாப் போதும்."

படிகளில் அவள் காலடி ஏறிப் போனது. கூடத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கனமான கதவு ஒன்று மூடியது.

பிறகு கடல் கேட்டது. இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, சக்கர ஒலிக்கு அடியில். இப்போது அது சுவரின் அந்தப் பக்கத்தில், வெகு கீழே, மண்ணைக் கரைத்துக் கரைத்து இழுத்துக்கொண்டிருந்தது.

குமிழைத் திருப்பி நிறுத்தினார். எஞ்சின், நான்கு வண்டிகள், பெரியவர் ஓட்டிவிட்டு நிலையத்தில் விட்டுப்போன பயணி வண்டி, எல்லாம் மேஜையில்தான் இருந்தன. எண்ணிப் பார்த்துக்கொண்டார். எதுவும் அந்தப் பக்கம் இல்லை. பையைத் தோளில் மாட்டினார். ஐந்து பத்துக்குக் கடைசி பஸ்.

டிங்.

இருக்கியா.

அவர் அசையவில்லை.

நெடுநேரம் ஒன்றுமில்லை. ஜன்னலில் கடைசி வெளிச்சமும் கரைந்து போயிருந்தது. மேஜைக்கு மேலே தொங்கிய ஒற்றைக் குழல் விளக்கு மட்டும் முனகியது. பல்லும் பொத்தானும் வண்டிகளில் அப்படியே இருந்தன.

டிங்.

கதவுக்கு ஆறு எட்டு. ஏழு இருக்கலாம். கதவைத் திறந்தால் இருட்டுக் கூடம். அதைத் தாண்டினால் தெரு. பஸ். ஹல். சாவி. மாடிப்படி. பெட்டிகள் அடுக்கிய அறை. கெட்டிலில் ஒரு கப் தண்ணீர், ஒருவருக்கு. நாளை ஞாயிறு. அங்கே அவரிடம் இப்படிக் கேட்க யாருமில்லை.

டிங். இந்த முறை மெதுவாக. கேட்பதற்கே கூச்சப்படுவதுபோல.

"இருக்கேன்," என்றார் மால்கம். பித்தளைப் பொத்தானைத் தொடாமல், வாயால்தான் சொன்னார். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

டிங். டிங்.

கிளம்பிவிட்டது.

எது?

சுவருக்குள் ஓர் ஒலி. சக்கரமில்லை. ஈரமான எதுவோ, நிதானமாக, கல்லோடு உரசிக்கொண்டு வருகிற ஒலி. நின்று நின்று. வந்து வந்து. உப்பு வாடை கூடியது. குடைந்த மண்ணின் குளிர்ச்சி முகத்தில் பட்டது. துவாரத்தின் விளிம்பில் களிமண் பிதுங்கி மேஜையில் சொட்டியது.

முதலில் விரல் நுனிகள். ஒன்றோடொன்று ஒட்டி, ஈரத் துணியை மடித்துத் திணித்ததுபோல. பிறகு அவை விரிந்தன. சாம்பல் நிறம். நகங்களுக்குள் செம்மண். புறங்கை. மணிக்கட்டு. அதற்குப் பின்னால் முன்கை, முழங்கை வரவேண்டிய இடத்தைத் தாண்டியும் முன்கை. தண்டவாளத்தின் மீது அது ஊர்ந்து வந்தது. பச்சை எஞ்சினைச் சுற்றிக்கொண்டு போனது. பிளாட்பாரத்தில் நின்றிருந்த அரிசி மனிதர்கள் ஒருவரைக்கூட அது சாய்க்கவில்லை. அவ்வளவு கவனம்.

மேஜையின் ஓரத்தில், அவருக்கு நேர் எதிரே, அது நின்றது.

திரும்பிக்கொண்டது. உள்ளங்கை மேலே பார்க்கத் திறந்தது.

காத்திருந்தது.

ஓடியிருக்கலாம். அதற்கு நேரமிருந்தது. கை அவரைப் பிடிக்கப் பாயவில்லை. தேடவுமில்லை. நீட்டிய கையை யாரும் பற்றாமல் போனதை முன்பே பழகியிருந்த கைபோல, ஒரே நிலையில், லேசாக நடுங்கிக்கொண்டு அங்கே கிடந்தது. அந்த நடுக்கத்தை மால்கமுக்குத் தெரியும்.

தோளிலிருந்து பை நழுவி விழுந்தது.

அவர் தன் கையை அதில் வைத்தார்.

ஈரம். எலும்புவரை குளிர். விரல்கள் மெல்ல, மிக மெல்ல மூடிக்கொண்டன. ஒரு கணம் அவ்வளவுதான். வெறுமனே கைகோத்திருந்தார்கள்.

பிறகு அது சுவரை நோக்கித் திரும்பத் தொடங்கியது. முரட்டுத்தனமே இல்லை. வந்த வழியே, அதே நிதானத்தோடு. மேஜையில் மார்பு இடித்து, மால்கம் குனிந்தார். கன்னம் தண்டவாளத்தில் பதிந்தது. அவர் விரல்கள் துவாரத்துக்குள் போயின. உள்ளங்கை அதன் வாயில் ஒரு நொடி தடைபட்டு, மடிந்து, போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்தில், வெகு கீழே, ஒன்றல்ல, இரண்டல்ல, கரை நெடுகிலும் எண்ண முடியாத சின்னச் சின்ன மணிகள் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தன. அந்தக் கை இழுத்துக்கொண்டே இருந்தது. துவாரம் சிகரெட் பாக்கெட் அகலம்தான்.