ஏ.ஓ. அறை வாசல்

ராமகிருஷ்ணன் சாரின் நாற்காலி சூடாக இருந்தது. தெரியாமல் அதன்மேல் கையை ஊன்றிய அறிவுமதி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோன சூடு. ஆசிரியர் அறையிலோ மத்தியானத்திலிருந்து அவள் ஒருத்திதான் இருக்கிறாள். ராமகிருஷ்ணன் சார் தை மாதமே செங்கம் சாலையில் லாரி மோதி இறந்துவிட்டார்.

பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று வாசலில் வளைவு கட்டத் தெரிந்தவர்களுக்கு, உள்ளே பாடம் எடுக்க ஆள் வைக்க மனசு வரவில்லை. ஆசிரியர் எண்ணிக்கை உதைக்கிறது என்று செத்த மனுஷனின் பெயர்ப்பலகையைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார் ஏ.ஓ. அப்பாதுரை. நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான். நாளைக்கு ராமகிருஷ்ணனாக உட்கார வெளியூரிலிருந்து ஆளும் சொல்லியிருந்தார்.

அவளுக்குத் திங்கட்கிழமை பெங்களூரில் புது வேலை. சேரும்போது அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். அவை அப்பாதுரையின் பீரோவில் இருந்தன. யாரும் பாதியில் ஓடிவிடக் கூடாது என்று வேலைக்குச் சேரும் அன்றே வாங்கிப் பூட்டிவிடுவது இங்கே வழக்கம். கேட்டால் செமஸ்டர் முடியட்டும் என்பார். முடிந்தால் அட்மிஷன் முடியட்டும் என்பார். நடையாய் நடந்து அவளுக்கு அலுத்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் கட்டாயம் தருகிறேன் என்றிருந்தார். பௌர்ணமிக் கூட்டத்துக்குச் சாலையை அடைத்துவிடுவார்கள் என்று கல்லூரி பஸ்கள் முன்கூட்டியே கிளம்பியும், அவள் அந்தப் பேச்சை நம்பித்தான் தங்கினாள்.

இருட்டுகிற நேரத்தில் லேபில் கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டுத் திரும்பும்போது கரண்ட் போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய, கிரிவலப் பாதையில் நடக்கும் ஜனங்களின் இரைச்சல் ஜன்னல் வழியே வந்து, அதுவும் கம்மியாகி, வராந்தாவில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஆசிரியர் அறைக்குள் டிஞ்சர் வாசனை. அதனடியில் ஈர மண் வாசனை. ராமகிருஷ்ணன் சாரின் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை.

ஏ.ஓ. சொன்ன ஆள் வந்துவிட்டான் என்று நினைத்தாள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, செத்தவர் எடத்துல வந்து உக்கார்றீங்களே, வெக்கமா இல்ல?"

"எனக்கு மட்டும் ஆசையாங்க?" தொண்டையில் மண் அடைத்தது போன்ற கரகரப்பு. "சர்டிபிகேட்ட குடுத்தா போயிடுவேன். குடுக்க மாட்டேன்றாங்களே."

அவளுக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. ஒருநாள் கூலிக்கு வந்தவனுடையதைக்கூட விடவில்லையா இந்தப் படுபாவிகள்?

"இருங்க. எனக்குக் கேக்கும்போது உங்களுக்கும் சேத்துக் கேக்குறேன்."

"கேளுங்க மேடம். நாங்கல்லாம் கேட்டு அலுத்துட்டோம்."

வராந்தா கோடியில் ஏ.ஓ. அறை. வாசல் பெஞ்சு காலியாகக் கிடந்தது. உள்ளே எமர்ஜென்சி விளக்கின் கீழ் அப்பாதுரை ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ராமகிருஷ்ணன் சார் பேர்ல ஒரு ஆள வரவெச்சிருக்கீங்களே, அவர் சர்டிபிகேட்டையும் புடுங்கி வெச்சுக்கணுமா சார்?"

அவர் நிமிரவில்லை. "யாரும்மா வந்தது? ஆரணிக்காரன் காலைலதான் வரேன்னுட்டான். கும்பல் ஜாஸ்தியாம், பஸ் கெடைக்கலையாம்."

"அப்போ... ஸ்டாப் ரூம்ல..."



"ராமகிருஷ்ணன் சர்டிபிகேட்டு இங்கதான் இருக்கு. அவர் சம்சாரம் வந்து அழுதுச்சு. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்னு அனுப்பிட்டேன்." பேனாவால் பீரோவைக் காட்டினார். "உன்னுதும் அதே தட்டுலதான். பத்திரமா இருக்கு."

டிஞ்சர் வாசனை வந்தது. இப்போது பக்கத்தில். கதவுக்கு வெளியே. செருப்பில்லாத கால்கள் தரையில் உரசின. ஒரு ஜோடி இல்லை. பல.

"சார், குடுத்துடுங்க சார். இப்பவே குடுத்துடுங்க." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"சேர்மன் வந்து கையெழுத்துப் போடணும்ல? வெளிய பெஞ்சுல உக்காரும்மா. கூப்பிடுறேன்."

அவள் திரும்பினாள்.

பெஞ்சு காலியாக இல்லை. விளக்கு வெளிச்சம் அவர்களின் மடிவரைக்கும்தான் எட்டியது. வரிசையாக முழங்கால்கள். முழங்கால்களின்மேல் மண் ஒட்டிய கைகள். கோடியில் ஒரு மஞ்சள் பூத்த கை. போன வருஷம் காமாலையில் இறந்த லேப் அசிஸ்டென்ட் பச்சையம்மாளின் கண்ணாடி வளையல்கள் அதில்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுமையாக.

பெஞ்சு கிரீச்சிட்டது. ஒருவர் நகர்ந்தார். அடுத்தவர் நகர்ந்தார். நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டார்கள்.