அக்கா, மெதுவா போ

குளுவாங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தின் ஓரமாகக் காரை நிறுத்தியபோது காலை ஒன்பது மணி. நான்கு நாள் விடுமுறையில் நாளுக்கொரு மலை என்று கிறிஸ்டினும் அவள் தம்பி ரயனும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இருவரும் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள். மலையுச்சியில் தூண்டில் போல நீளும் ஒரு கழியை நட்டு, அதில் ஏரியல் கட்டி, கையடக்க ரேடியோவில் எங்கெங்கோ இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

கிறிஸ்டின் அதே மாநிலத்தில் மாசாய் என்ற ஊரில் இருந்தாள். ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ரயன் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வருபவன். வயது முப்பத்து மூன்று ஆகியும், அக்கா எங்கே கிளம்பினாலும் தானும் கிளம்பிவிடுவான்.

அது மூன்றாவது மலை. பெரிதும் இல்லை, யாரும் அதிகம் ஏறுவதும் இல்லை. இரண்டு மணி நேரம் ஏறி, காலில் ஒட்டிய அட்டைகளைத் தட்டிவிட்டு, கழியை நட்டார்கள். பொந்தியானிலிருந்து மூர்த்தி உடனே பதில் கொடுத்தார். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்நேரமும் ரேடியோவைத் திறந்தே வைத்திருப்பார்.

"ரொம்ப தெளிவா கேக்குது மா. தம்பி சாப்பிட்டானா?"

ரயன் சிரித்தான்.

சற்று நேரத்தில் கீழிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் செம்பனைகள் மறைந்தன. பிறகு வந்த பாதை மறைந்தது. அதுவரை காதைத் துளைத்த பூச்சிகளின் ரீங்காரம் சட்டென்று நின்றது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல ஓர் ஈர வாடை.

ரேடியோ இரைந்தது.

"மேல இருக்கறவங்க... கேக்குதா?"

பெண் குரல். தமிழ். வானொலிக்காரர்கள் பேசத் தொடங்கும்போது சொல்லவேண்டிய அழைப்புக்குறி எதுவும் சொல்லவில்லை.

"கேக்குது. யாரு பேசுறது?" என்றாள் கிறிஸ்டின்.

நெடுநேரம் இரைச்சல்.

"யாரு பேசுறது?" அந்தக் குரல் அதையே திரும்பக் கேட்டது.

"நான் கிறிஸ்டின். மலை மேல இருக்கேன். உங்களுக்கு என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன். கால் அசையல. ஓடைப் பக்கம். வாங்க." குரல் அழுதது.

கைப்பேசியில் லைன் இல்லை. கிறிஸ்டின் மூர்த்தியைக் கூப்பிட்டு, தீயணைப்பு மீட்புப் படையான போம்பாவுக்குத் தகவல் சொல்லச் சொன்னாள்.

"இப்பவே போன் பண்றேன். ஆனா நீ யாருகூட மா பேசுற? நீயே கேட்டு நீயே பதில் சொல்ற மாதிரி இருக்கே."

அலை ஏதோ குழம்புகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரயன் அதற்குள் முதலுதவிப் பையையும் இன்னொரு ரேடியோவையும் எடுத்திருந்தான்.

"போம்பா வர ரெண்டு மணி நேரம் ஆகும் லா. நான் போய்ப் பாக்கறேன்."

"இரு, ரெண்டு பேரும் போலாம்."

"நீயும் வந்துட்டா மூர்த்தி அண்ணன்கிட்ட யாரு பேசுறது? பொம்பள அழுவுது அக்கா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்புடறேன்."

அவன் சொன்னது சரி. அதனால் அவள் விட்டுவிட்டாள். பத்து அடியில் பனி அவனை விழுங்கியது.

முதல் அழைப்பு வந்தது. இரண்டாவதும் வந்தது. வழுக்குகிறது என்றான். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்றான். மூன்றாவது அழைப்பு கொஞ்சம் பிந்தியது.

"அக்கா, நீ ஏன் இறங்கி வந்த?"

கிறிஸ்டினுக்குப் புரியவில்லை. "என்னடா சொல்ற? நான் மேலதான் இருக்கேன்."

"சரி சரி. அக்கா, மெதுவா போ. வழுக்குது."

அவளிடம் பேசவில்லை அவன்.

அவனுடைய விரல் ரேடியோவின் பொத்தானை அழுத்தியபடியே இருந்திருக்க வேண்டும். அழுத்தியிருக்கும் வரை அவன் பேசுவது அவளுக்குக் கேட்கும். அவள் பேசுவது எதுவும் அவனுக்குக் கேட்காது. அது தெரிந்தும் அவள் கத்தினாள்.

"ரயன்! அது நான் இல்லடா! திரும்பி வா!"

பிறகு, அவனுக்குச் சற்று முன்னாலிருந்து, இன்னொரு குரல் கேட்டது.

"கொஞ்ச தூரம்தான்டா. வா."

அவளுடைய குரல்.

கிறிஸ்டின் பாதையில் பாய்ந்தாள். இருபது அடியில் பாதை இல்லை. பிரம்பு முள் முகத்தைக் கிழித்தது. இடப்பக்கம் நகர்ந்தாள், அங்கேயும் முள். வந்த வழியிலும் முள். கையிலிருந்த ரேடியோவில் மட்டும் தம்பியின் மூச்சு.

"அக்கா, இங்க ஓடையே இல்லையே."

"இருக்கு. வா."

"கைய விடு, நானே வர்றேன்... அக்கா, உன் கை ஏன் இப்படி இருக்கு?"

இரைச்சல் மட்டும்.

போம்பா ஆட்கள் அவளை முட்களுக்கு நடுவே கண்டுபிடித்தார்கள். ரயனை ஆறு நாள் தேடினார்கள். மலையின் அந்தப் பக்கத்தில் ஓடை எதுவும் இல்லை என்றார்கள். ஒரு தட்டைப் பாறையின் மேல் அவன் ரேடியோ, யாரோ கவனமாக வைத்ததுபோல, நிமிர்ந்து நின்றது.

போலீஸ்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தம்பியை எங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டாய்? மூர்த்தி தாம் கேட்டதை மறைக்காமல் சொல்லியிருந்தார். அன்று மதியம் முழுக்க கிறிஸ்டினின் குரல் ‘வா, வா’ என்று தம்பியை அழைத்துக்கொண்டிருந்தது. அவள் அவரைக் கோபிக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லையே. தன் தாயிடம் மட்டும் அவளால் எதையும் விளக்க முடியவில்லை. அம்மா அவள் பேச ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள்.

ஏழு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம். கிறிஸ்டின் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது மூர்த்தி போன் செய்தார். குரலில் மகிழ்ச்சி இருந்தது.

"ஏன் மா என்கிட்ட சொல்லல? தம்பி கெடச்சிட்டானா? ரெண்டு பேரும் எந்த மலையில இருக்கீங்க?"

"நான் வீட்ல இருக்கேன் அண்ணே."

"இப்பதான மா ரேடியோவுல பேசுனீங்க. ‘அக்கா, எப்ப வீட்டுக்குப் போறோம்’னு அவன் கேட்டான்."

"நான்... நான் என்ன சொன்னேன்?"

"‘இன்னும் ஒருத்தர் வரணும்டா’ன்னு சொன்ன."

"அண்ணே, ரேடியோவ மூடுங்க. இப்பவே மூடுங்க. அது என்ன கேட்டாலும் பதில் சொல்லாதீங்க!"

போனுக்குள், அவருக்குப் பின்னாலிருந்த ரேடியோ மெல்ல இரைந்தது. கிறிஸ்டின் தன் குரலையே கேட்டாள்.

"மூர்த்தி அண்ணே, விழுந்துட்டேன். கேக்குதா?"

"கேக்குது மா," என்றார் மூர்த்தி.

அவர் அதைப் போனில் சொல்லவில்லை, ரேடியோவில் சொன்னார்.