ஐந்து பெயர், ஆறு குரல்

போதகர் இம்மானுவேல் ஐயா கூப்பிட்டது ஐந்து பெயர். பதில் வந்தது ஆறு.

இருட்டுகூட இல்லை, பட்டப்பகல். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஜீப் கிளம்பும் நேரம். ஆனை நடமாடும் மலைக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு ஐயா போட்ட கட்டளைகள் கறாரானவை. எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும். பொழுது இறங்குமுன் ஜீப்பில் ஏறிவிட வேண்டும். முன்சீட்டில் உட்கார்ந்து ஐயா ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். பின்னால் இருப்பவர்கள் "ஸ்தோத்திரம்" என்று பதில் சொல்ல வேண்டும். எல்லாருடைய ஸ்தோத்திரமும் வந்த பிறகுதான் டிரைவர் சுரேஷ்கண்ணன் கியரைத் தொடுவான்.

சபைச் சகோதரர்கள் நால்வரும் சொல்லி முடித்தார்கள். கடைசிப் பெயர் கிருபாவதி. அவளும் சொன்னாள். உடனே அவள் தோளை ஒட்டி, ஆளில்லாத ஓரத்திலிருந்து இன்னொரு "தோத்திரம்" வந்தது. சன்னமாக, பாதிச் சிரிப்போடு. சகோதரர்கள் யாரும் திரும்பவில்லை. ஜீப் நகர்ந்துவிட்டது.

அது நாகஜோதியின் குரல். போன மாதம் வரைக்கும் கிருபாவதிக்கு ஜோடியாக வந்தவள். பண்ணைப்புரத்துப் பிள்ளை, ஊழியத்துக்குப் புதுசு. "தோத்திரம்" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அந்த ஐப்பசிச் சாயங்காலத்தை மறக்க கிருபாவதி ஜெபம் பண்ணிப் பார்த்தாள், உபவாசம் இருந்து பார்த்தாள். பாவி மனசு விட்டால்தானே! கண்ணை மூடினால் போதும், மழையில் ஊறிய மண் வாடையும், அதற்கு மேலே ஆனைச் சாணியின் புளித்த வாடையும் வரும்; ஓடைப்பக்கம் மூங்கில் ஒவ்வொன்றாக மடமடவென்று முறிந்துகொண்டே நெருங்கி வரும் சத்தமும், அதற்குள் மூச்சுத் திணறி வந்த அந்தக் குரலும் கேட்கும். "அக்கா, நில்லுங்கக்கா! செருப்பு அந்துபோச்சு!"

கிருபாவதி நிற்கவில்லை. ஓடி வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டாள். ஆனைக்குப் பயந்து விளக்குப் போடவில்லை, தார்ப்பாய் இறக்கியிருந்தது, பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. ஐயா பெயர் சொன்னார். கிருபாவதி தன் பதிலைச் சொன்னாள்.

"நாகஜோதி?"

மூங்கில் மறுபடி முறிந்தது. இவளுக்காகக் காத்திருந்தால் நாமும் செத்தோம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. வாய் தானாகத் திறந்தது. "தோத்திரம்," என்றாள் கிருபாவதி, சன்னமாக, பாதிச் சிரிப்போடு.

ஜீப் கிளம்பிவிட்டது. கூடலூரில் கரண்ட் இல்லை; மழையில் அவரவர் தெருவில் இறங்கி ஓடினார்கள். மறுநாள் ஐயா கேட்டபோது, "பஸ் ஸ்டாண்டுலயே எறங்கிட்டாளே ஐயா. குமுளி பஸ்ஸுல ஏறுன மாதிரி இருந்துச்சு," என்று இன்னொரு பொய். அதனால் காட்டில் ஒருவரும் தேடவில்லை. நாகஜோதியின் அம்மா பஞ்சம்மாள் இன்றைக்கும் மகளின் போட்டோவை வைத்துக்கொண்டு குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம் ஏலத்தோட்டமாக அலைகிறாள்.

இன்றைக்கும் ஜீப் வந்தது அதே மலைக்குடிக்குத்தான். ஜெபம் முடிந்தது. வீட்டுக்காரி சோணையம்மாள் கடுங்காப்பி கொண்டுவந்து கிருபாவதி கையில் கொடுத்தாள்.

"ஏத்தா, அன்னைக்கு விட்டுட்டுப் போன பிள்ள நல்லாருக்காளா? ரெண்டு நாளா ஓடைப்பக்கமிருந்து அக்கா, அக்கான்னு ஒரே சத்தம். ஆனை நிக்குதுன்னு எங்க ஆளுக யாரும் அங்கன போகல. மூணா நாள் சத்தம் நின்னுபோச்சு. சரி, ஐயாமாரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாகன்னு நெனச்சோம்."

இரண்டு நாள். காப்பி கையில் சிந்தியது, சுடவில்லை. ஐயா பத்தடி தூரத்தில் பைபிளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்.

"ஐயா..."

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. இந்தா வந்துர்றேன்."

"தனியாப் போகாதீக. பொழுது எறங்குது."

போனாள். ஓடைப் பாதையில் குடிசைகளைத் தாண்டியதும் பனி இறங்கி வழியை மூடியது. மூங்கில் இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. ஓடைக்கரைச் சகதியில் ஒற்றைச் செருப்பு, வார் அறுந்து கிடந்தது. குனிந்து எடுத்தாள்.

உள்ளே கால் சூடு இன்னும் இருந்தது.

"நாகஜோதி, என்னை மன்னிச்சிரு பிள்ள. நான்தான்... நான்தான் உன் பேருக்குச் சொன்னேன்."

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. செருப்போடு ஓடினாள். முள் கிழித்தது. சேலை மாட்டியது, பிய்த்துக்கொண்டு ஓடினாள். பனிக்குள் ஜீப்பின் முதுகு தெரிந்தது. இருபது அடிதான். தார்ப்பாய் இறக்கியிருந்தது. விளக்கு இல்லை.

ஐயா பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு ஸ்தோத்திரம். இரண்டு. மூன்று. நான்கு.

"கிருபாவதி?"

வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

"ஸ்தோத்திரம்," என்றது தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு குரல்.

அவள் குரல். கொஞ்சமும் பிசகாத அவள் குரல்.

கியர் விழுந்தது. எல்லாருடைய பதிலும் வந்துவிட்டது. இனி ஒருவரும் தேடி வரமாட்டார்கள். அவளுக்கு அது தெரியும்.

பின்னால் மூங்கில் முறிந்தது. பக்கத்தில்.

ஜீப் நகர்ந்தது. தார்ப்பாய்க்குக் கீழே, பின்படியில், இரண்டு கால்கள் தொங்கின. சகதி அப்பிய கால்கள். ஒன்றில் செருப்பு இருந்தது. ஒன்றில் இல்லை.