மைக்காரரின் சிவப்பு

கதிர்வீச்சு முடிந்து வீடு திரும்பிய அன்றைக்கு, தன் உடம்பிலிருந்து கிளம்பிய வெளிச்சத்தில் தெருவே விளக்கில்லாமல் பேப்பர் படித்தது என்பார் மைக்காரர். அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் மை கலந்து ஓய்வு பெற்றவர். கடுகைக் காட்டினால் பூசணி என்பார். இடது சிறுநீரகத்துப் புற்றுக்கட்டி ஒன்றைத்தான் அவர் ஊதிப் பெரிதாக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு பிற்பகல், சிறுநீர் கழிக்கையில் வெள்ளைப் பீங்கான்மேல் இளஞ்சிவப்பு பரவியது. தொழில்புத்தி முந்திக்கொண்டது: நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சிவப்பு. தண்ணீர் விட்டார். போய்விட்டது.

"இந்தாம்மா, எனக்கு ரத்தம் போகுது."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "எவ்வளவு? ரெண்டு குடமா?"

போன வாரம்தான் தலையணையில் சிவப்பு மையை ஊற்றிவிட்டு, அவள் அலறியதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்.

அடுத்த முறை நிறம் கெட்டிப்பட்டிருந்தது. எங்கோ குழாய் சொட்ட, பினாயில் வாசனைக்கு அடியிலிருந்து ஈர இரும்பின் வாடை எழும்ப, ஜன்னல் கம்பியின் நிழல் மெல்ல நகர்ந்து அவர் பாதத்தின்மேல் ஏற, அட்டைப்பூச்சிபோல் கறுத்த ஒரு ரத்தக்கட்டி நழுவி விழுந்து தண்ணீருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கதிர் பட்ட இடம் கசிந்தால் ஓடி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். இம்முறை அவர் தண்ணீர் விடவில்லை.

"வந்து பாரேன். விளையாட்டில்ல."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. நீங்களே கழுவிட்டு வாங்க. மறுபடி ஏமாற நான் ஆளில்ல."

மூன்றாம் முறை முக்கினார். வரவில்லை. உள்ளே ஏதோ அடைத்து நின்றது. அடிவயிறு கல்லானது. குளிர்ந்த வியர்வை. காதில் இரைச்சல். ஊரையே கூட்டிய வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. சுவரைப் பிடித்தார். கை வழுக்கியது.

விழுந்த சத்தத்துக்கு வந்தாள். "நடிச்சது போதும், எழுந்திருங்க."

அவரால் கண்ணை மட்டுமே அசைக்க முடிந்தது. உள்ளே அடைப்பு விட்டது. தொடை வழியே சூடாக.

அவள் குனிந்து, தரையில் இருந்ததை விரலால் தொட்டாள். தேய்த்தாள். முகர்ந்தாள். முப்பத்தைந்து வருஷம் அவர் சட்டைகளைத் துவைத்தவள். மையின் எண்ணெய் வாசனையைத் தேடினாள். இல்லை.

போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"ஆமாங்க, ரத்தம்தான். அப்பவே சொன்னாரு. நான்தான் நம்பல."

தரையில் கன்னம் பதிந்து கிடந்தவரின் கண்ணெதிரே, ஓடுகளின் இடுக்கு வழியாகச் சிவப்பு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போய், அவள் கால்விரலைத் தொட்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அது விரல்களைச் சுற்றிக்கொண்டு அப்பால் போயிற்று.