சத்தமில்லாத ஸ்விட்ச்

ஒயர் எதுவும் செருகாத ஏழாம் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது. பழைய சாமான், ஏதாவது கோளாறு இருக்கத்தான் செய்யும் என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய விரிப்பைப் போட்டு, முந்தின நாள் வாங்கிய, கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைக்கும் மூன்று நெட்வொர்க் ஸ்விட்சுகளையும் வரிசையாக வைத்திருந்தாள். உள்ளறையில் கணவன் தூக்கம் பிடிக்காமல் புரண்டுகொண்டிருந்தான்.

நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். பயிற்சிக்குக் கம்ப்யூட்டரில் வரும் பொம்மை ஸ்விட்சே போதும் என்று வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். கையால் தொட்டு, ஒயரை மாற்றிச் செருகி நாலு தடவை கெடுத்தால்தான் மண்டையில் ஏறும் என்றார்கள் மீதிப் பேர். அவள் இரண்டாவது கட்சி. சாதாரண ஸ்விட்ச் இரண்டு, கொஞ்சம் விவரமானது ஒன்று என்று குறித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது கணவன், "இன்னொரு மிக்சிய வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதம்மா" என்றான். ஆபீஸ் ஸ்விட்சுகளின் ஃபேன் எப்படிக் கத்தும் என்று அவனுக்கும் தெரியும். அதனால் விலையை விட்டுவிட்டு, ஃபேனே இல்லாததாகத் தேடித் தேடிப் பொறுக்கினாள். மூன்றாவதைக் கடைக்காரரே அலமாரிக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டித் தந்தார்.

"இதுல மூச்சுச் சத்தம்கூட வராது" என்றார்.

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஸ்விட்சின் முதுகில் எதையோ ஒட்டிக் கிழித்த தழும்பு இருந்தது. தடவினால் பிசுபிசுத்தது. இன்றைக்கு மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்ததும் அதிலிருந்து மெல்லிய டெட்டால் நெடி வந்தது; ஏழாம் விளக்கு எரிந்ததும் அதில்தான்.

சத்தம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. முதலில் ஃபிரிட்ஜ் என்று நினைத்தாள், பிறகு பக்கத்து வீட்டுச் செல்போன் என்று நினைத்தாள், பிறகு எதையும் நினைக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஏனென்றால் மூன்று தடவை அடித்து, நின்று, மறுபடி இரண்டு தடவை அடிக்கும் அந்தச் சத்தம் எது என்று அவளுக்கு முன்னமே தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐந்து.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நெட்வொர்க் வேலை. மூன்றாம் மாடி ஒயர் அறை. காலியாக இருந்த பதினேழாம் அறையின் போர்ட்டை அடைத்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தங்கையோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டே பதினேழுக்குப் பதில் ஏழாம் போர்ட்டை அடைத்தாள். ஏழாம் படுக்கையில் ஒரு தையல்காரப் பெரியவர் இருந்தார். அவருடைய இதயத்துடிப்பு அலாரமும் அழைப்பு மணியும் அந்த ஒரே ஒயர் வழியாகத்தான் நர்ஸ் மேசைக்குப் போக வேண்டும். பதினோரு நிமிஷம் கழித்துத்தான் தப்பைக் கண்டுபிடித்தாள். போர்ட்டைத் திறந்தாள். அதோடு விட்டிருந்தால் வெறும் தவறு. ஸ்விட்சையே ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டாள், உள்ளே பதிவாகியிருந்தது அத்தனையும் அழிந்துபோகட்டும் என்று. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் எரியும். பெரியவரைக் கண்டபோது அவர் விரல் அழைப்பு மணியின்மேலேயே விறைத்திருந்ததாம்.

பழி முழுவதும் அன்று பணியிலிருந்த சிஸ்டர்மேல் விழுந்தது. வேலை போனது. விசாரணையில் அந்தப் பெண் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லி அழுதாள்: "சத்தமே வரலைங்க." ஒருத்தரும் நம்பவில்லை. போன வாரம் அந்தச் சிஸ்டரே போன் செய்து, நீங்கள் அன்றைக்கு ஏதாவது தொட்டீர்களா, மேல்முறையீட்டுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். இவள் இல்லை என்று சொல்லிவிட்டு, அதே வாயால் சாப்பிட்டுவிட்டு, படிக்க உட்கார்ந்தாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை.

பிளக்கைப் பிடுங்கினாள். மற்ற விளக்குகள் அணைந்தன. ஏழு அணையவில்லை. பிளக் ஒயர் கையில் தொங்கியது. சத்தமும் நிற்கவில்லை. உள்ளறைக் கதவருகே போய், "என்னங்க, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்றாள்.

"சத்தமே வரலையே" என்றான் கணவன், கண்ணைத் திறக்காமலே.

மூன்று பதினொன்று. மேசைக்குத் திரும்பிப் போனை எடுத்தாள். சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் நின்றுவிடும். விரல் வழுக்கி எண்ணை இரண்டு தடவை தப்பாகத் தொட்டது. மூன்று பதினாலுக்கு மணி போனது. சிஸ்டர் எடுத்தாள்.

"சிஸ்டர், நான்தான்..."

மறுமுனையில் குரல் தாழ்ந்து வந்தது. "அங்க என்ன சத்தம்?"

அவள் போனை ஸ்விட்சுக்கு நேராகப் பிடித்தாள்.

"அது ஏழாம் பெட் அலாரம்மா. நின்னுட்டே இருக்காதீங்க. போய்ப் பாருங்க."

மேசையிலிருந்து வரவில்லை சத்தம். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளறையிலிருந்து வந்தது. நடந்தாள். டெட்டால் நெடி. கதவு பாதி சாத்தியிருந்தது. தள்ளினாள்.

கணவன் சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துத் தூங்கிவிட்டிருந்தான். அவனுக்குப் பின்னால், அவள் படுக்கும் இடத்தில், கழுத்துவரை போர்வை மேடாக இருந்தது. அதற்கு வெளியே ஒரு கை. ஊசி குத்திக் குத்திக் காய்த்த ஆள்காட்டி விரல். அது கட்டில் சட்டத்தை அழுத்தியது. விட்டது. அழுத்தியது. அங்கே பொத்தான் இல்லை. ஒயர் இல்லை. அழுத்தியது.

"யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்றது போன்.

சொல்ல வேண்டும். இப்போதாவது. வாயைத் திறந்தாள். இரண்டு வருஷமாகப் பழகிய வாய்.

"யாரும் இல்ல சிஸ்டர்."

விரல் நின்றது. சத்தம் ஒரே கோடாக நீண்டது. தூக்கத்தில் கணவன் இந்தப் பக்கம் புரண்டு, அவள்தான் என்று நினைத்து, அந்தப் போர்வையின்மேல் கை போட்டுக்கொண்டான்.